மலையை இடப்பக்கம் வைத்து நடப்பவர்

வேடியப்பனுக்கு இடது கால் கட்டை. வலது காலைவிட மூன்று விரல் குறைவு என்பது அவர் கணக்கு. நாலு விரல் என்பது அவர் மனைவி மாணிக்கம்மாளின் கணக்கு. எது சரியாக இருந்தாலும் ஈச்சங்காட்டில் அது பெரிதாகத் தெரியாது. நெல்லிவாசல் நாடு என்கிற மலையூர்த் தொகுதியின் மேல்விளிம்பில், ஒரு கரட்டின் தோளைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர் அது. சமதரை என்று சொல்ல ஊர்ப்பொதுவில் ஒரு களம் உண்டு. மற்றதெல்லாம் சரிவு. அந்தச் சரிவில், மலை இடது கைப்பக்கம் இருக்கும்படி நடந்தால் கட்டைக் கால் மேட்டில் பதியும், நெட்டைக் கால் பள்ளத்தில் பதியும், வேடியப்பன் தேர் மாதிரி நிமிர்ந்து போவார்.

அதனால் எங்கே போனாலும் மலையை இடப்பக்கம் வைத்துத்தான் போவார். பக்கத்து வீட்டுக்குத் தீப்பெட்டி கேட்கப் போனால் நேரே போய்விடுவார். திரும்பும்போது கரட்டையே ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு மறுபக்கமாக வீடு சேர்வார். மாணிக்கம்மாள் வேறெங்காவது நெருப்பு வாங்கி, களி கிண்டி இறக்கிய பிறகுதான் தீப்பெட்டி வந்து சேரும்.

"ஊரெல்லாம் சாமியை வலம் வருது. எங்க வூட்டுக்காரரு மலையை எடம் வர்றாரு" என்பாள் அவள்.

சுற்றி வருவதில் இன்னொரு சங்கதியும் இருந்தது. வேடியப்பனுக்கு இழுப்பு உண்டு. மார்கழி, தையில் நெஞ்சுக்குள் யாரோ கதவைத் திறந்து திறந்து மூடுவது போலச் சத்தம் வரும். மற்ற மாதங்களிலும் கொஞ்ச தூரம் ஏறினால் நின்றாக வேண்டும். நிற்பதற்கென்று சில இடங்களை அவர் வைத்திருந்தார். ஒரு பாறை, ஒரு கடுக்காய் மரம், கீழே ஓடை தெரிகிற ஒரு மொட்டை மேடு. அங்கே நின்று இடுப்பில் கை வைத்துக் கீழே பார்ப்பார். மூச்சு வாங்குகிறார் என்று யாருக்கும் தோன்றாது. நோட்டம் பார்க்கிறார் என்றுதான் தோன்றும். நாளடைவில் அதுவே நிஜமாகிவிட்டது. எவன் மாடு எவன் கொள்ளுக்காட்டில் மேய்கிறது, எந்தப் பலாவில் காய் பழுத்திருக்கிறது, ஜமுனாமரத்தூரிலிருந்து வரும் ஜீப்பில் யார் வந்து இறங்குகிறார்கள் என்பதெல்லாம் முதலில் தெரிவது அவருக்குத்தான். மாட்டைத் தொலைத்தவர்கள் காட்டுக்குப் போவதில்லை. வேடியப்பன் நின்றுவிட்டு வரும்வரை காத்திருந்து கேட்டுக்கொள்வார்கள்.

"உடம்பு எப்படிங்க கீது?" என்று யாராவது கேட்டால் அவர் சொல்வது ஒன்றுதான்.

"எனக்கு இன்னா? சொகமா கீறேன்."

சும்மா சொல்லிவைக்கிற பதில் இல்லை அது. அந்தப் பதிலில்தான் அவருடைய பெரிய உரிமை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

ஈச்சங்காட்டுக் கரட்டின் உச்சியில் நாச்சியம்மன் கல் இருக்கிறது. கல்லைச் சுற்றி இறங்குகிற சரிவு முழுக்கச் சாமிக்காடு. ஆடியில் நல்ல மழை விழுந்ததும் ஊர் மொத்தமும் அங்கே கூடும். சாமிக்காட்டில் சாமை விதை விழுந்த பிறகுதான் மற்றவர் காடுகளில் விழ வேண்டும். முதல் விதையைத் தூவுகிற கை வேடியப்பனுடையது. அப்பனிடமிருந்து வந்தது. தூவுவதற்கு முன்னால் ஊர்க்கவுண்டர் கல்லுக்கு முன்னால் நின்று உடம்பைப் பற்றி ஒரு கேள்வி கேட்பார்: "மேலுக்கு எப்படிப்பா?" கையில் விதைக்கூடையோடு நிற்பவன் "சொகம்" என்று சொல்ல வேண்டும். நோவாளி கை விதையைத் தொடக்கூடாது. தொட்டால் முளைக்காது. பொய் சொல்லித் தொட்டாலும் முளைக்காது. இவ்வளவுதான் சட்டம்.

வேடியப்பன் கையால் முளைக்காத வருஷம் கிடையாது. வருஷம் முழுக்க எல்லோருக்கும் பின்னால் போய்ச் சேருகிற மனிதர் அவர். சந்தைக்குப் போனாலும் சரி, சாவுக்குப் போனாலும் சரி, அவர் போகும்போது பாதிப் பேர் திரும்பி வந்துகொண்டிருப்பார்கள். அந்த ஒரு நாள் மட்டும் ஊர் முழுக்க அவருக்குப் பின்னால் நடக்கும். அவர் நின்றால் நிற்கும். அவர் மூச்சு வாங்கி முடிக்கும்வரை கவுண்டர்கூட இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நிற்பார். அந்த நாளை நினைத்துக்கொண்டே மற்ற மாதங்களை ஓட்டிவிடுவார் வேடியப்பன்.

இந்த உரிமைக்கு ஆபத்து லட்சுமணன் ரூபத்தில் வந்தது.

லட்சுமணன், மாணிக்கம்மாளின் தம்பி. ஐம்பத்தைந்து வயதிருக்கும். பலாமரத்தில் அணில் மாதிரி ஏறுவான். ஒரு மூட்டைப் புளியைத் தலையில் வைத்துக்கொண்டு கதை பேசியபடி மலை இறங்குவான். ஆனால் அவனுக்கு இல்லாத நோவு கிடையாது. காலையில் வயிற்றில் ஏதோ உருளும். மத்தியானம் அது முதுகுக்குப் போகும். பொழுது சாயும்போது கழுத்தில் வந்து உட்காரும். யாருக்காவது பல்வலி என்றால் அவன் கன்னத்தைப் பிடித்துக்கொள்வான்.

எண்பத்திரண்டாம் வருஷம் ஆனி மாதம், ஜமுனாமரத்தூரில் சந்தை நாளன்று ஒரு மருத்துவ முகாம் போட்டார்கள். கீழ்நாட்டிலிருந்து டாக்டர்கள் வருகிறார்கள், மாத்திரையெல்லாம் சும்மா தருகிறார்கள் என்று சேதி வந்ததும் லட்சுமணன் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டான்.

"மாமா, நீயும் வா. தனியாப் போனா எனக்கு மயக்கம் வந்துடும்."

"எனக்கு இன்னாடா நோவு, நான் எதுக்கு?"

"நோவு எனக்கு. தொணை நீ."

போனார்கள். முகாம் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் நடந்தது. வழவழவென்று சிமெண்டுத் தரை. சமதரைதான் வேடியப்பனுக்கு எமன். இடது பக்கம் சாய்ந்து, வலது பக்கம் எழும்பி, கிணற்று ராட்டினம் மாதிரி ஆடிக்கொண்டு உள்ளே நுழைந்தார். வாசலில் இருந்த பையன்கள் உடனே ஒதுங்கி வழிவிட்டு, அவரைத்தான் முதலில் கொண்டுபோய் நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

"நோவாளி அவரில்லீங்க, நான்" என்றான் லட்சுமணன். யாரும் கேட்கவில்லை.

டாக்டரம்மா சின்ன வயசு. முகத்தில் சிரிப்பு இருந்தது.

"ஐயா, உடம்பு எப்படி இருக்கு?"

"சொகம்தாம்மா. உங்களுக்கு?"

அந்த அம்மாள் ஒரு நொடி திகைத்துவிட்டு, "நானும் நல்லா இருக்கேன்" என்றாள். "காலுக்கு என்ன ஆச்சு?"

"இதுவா? எங்க சாமிக்காட்டுப் புளியமரம் உலுக்கறப்ப கிளை முறிஞ்சு விழுந்துட்டேன். எங்க பொண்ணு பொறந்த வருசம். மூங்கில் பத்தை வெச்சுக் கட்டுனாங்க. கோணலா ஒட்டிக்கிச்சு."

"அப்புறம் எப்படிச் சுகம்னு சொன்னீங்க?"

"கால்தானேம்மா கோணல். எனக்கு ஒண்ணுமில்லியே."

டாக்டரம்மா அவரைச் சட்டையைக் கழற்றச் சொன்னாள். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டாள், முதுகில் வைத்துக் கேட்டாள். கையில் பட்டியைச் சுற்றிக் காற்றடித்தாள். அடித்துவிட்டு இன்னொரு தரம் அடித்தாள். அவள் புருவம் மேலே ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார் வேடியப்பன். காட்டில் நிற்பவனுக்கு மேகத்தின் நிறம் மாறினால் தெரிந்துவிடுமே, அந்த மாதிரி அவருக்குத் தெரிந்துவிட்டது.

"ஐயா, உங்களுக்கு ஆஸ்துமா இருக்கு. ரத்தக் கொதிப்பு நிறைய இருக்கு. கால் வேற இப்படி. இத்தனையையும் வெச்சுக்கிட்டு ஒண்ணும் இல்லைங்கறீங்களே! இந்த மாத்திரையைத் தினம் விடாம சாப்பிடணும். உப்பைக் குறைங்க. பீடியை விட்டுடுங்க. மேடு ஏறாதீங்க."

"மேடு ஏறாம எங்க வூட்டுக்கு எப்படிம்மா போறது?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த அம்மாளும் சிரித்து, "சரி, மெதுவா ஏறுங்க. நின்னு நின்னு ஏறுங்க" என்றாள்.

அடுத்து லட்சுமணன் உட்கார்ந்தான். தலையில் ஆரம்பித்துக் கால் வரைக்கும் சொன்னான். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டாள், எல்லாவற்றையும் சோதித்தாள். "உங்களுக்கு ஒண்ணுமே இல்லை. இருபது வயசுப் பையன் மாதிரி இருக்கீங்க" என்று முதுகில் தட்டி அனுப்பிவிட்டாள். ஒரு மாத்திரைகூடக் கொடுக்கவில்லை.

திரும்பி வருகிற ஜீப்பில் லட்சுமணன் புலம்பிக்கொண்டே வந்தான். "எனக்கு ஒண்ணுமில்லியாம்! தொணைக்கு வந்த மாமாவுக்கு மூணு நோவு. நோவோட வந்த எனக்கு ஒண்ணுகூட இல்ல. இன்னா நியாயம் இது?" ஜீப்பில் இருந்தவர்கள் எல்லோருக்கும் சொன்னான். வழியில் ஏறியவர்களுக்கு மறுபடி முதலிலிருந்து சொன்னான். ஈச்சங்காட்டில் இறங்குவதற்குள், வேடியப்பனுக்கு மூன்று நோவு என்பது மூன்று ஊருக்குத் தெரிந்துவிட்டது.

 ஜீப் குலுங்கும்போதெல்லாம் வேடியப்பன் தன் நெஞ்சுக்குள்ளிருந்து வரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்தார். பல வருஷமாக இருக்கிற சத்தம்தான். இன்றைக்குத்தான் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் அவர் வெளியே போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுவர் ஓரமாகப் படுத்துக்கொண்டார். எழுந்து நின்றால் கால் நோகிற மாதிரி இருந்தது. படுத்தால் மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தது. கையைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே ரத்தம் கொதிக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார்.

"இன்னா பாக்கற?" என்றாள் மாணிக்கம்மாள்.

"சூடாத்தான் கீது."

"கம்பளிக்குள்ள வெச்சிருந்தா சூடாத்தான் இருக்கும். எந்திரிச்சு வெளிய வா."

"மேடு ஏறக்கூடாதுன்னு சொல்லிக்கீறாங்க."

"நின்னு நின்னு ஏறுன்னும்தான் சொன்னாங்களாம், லச்சுமணன் சொன்னான். உனக்கு ஒரு காதுதான் கேக்குமா? இந்தா, மாத்திரை."

மாத்திரையில் மட்டும் அவள் கறாராக இருந்தாள். களிக்கு உப்புப் போடுவதையும் பாதியாகக் குறைத்துவிட்டாள். மிச்சமிருந்த பீடிக்கட்டைத் தம்பியிடம் தூக்கிக் கொடுத்தாள். அவன் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு, ஒன்றைப் பற்றவைத்த மறுநிமிஷமே எனக்கும் இழுப்பு வந்துவிட்டது என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டான்.

ஊர் பார்க்க வந்தது. இரண்டு வாழைப்பழம், ஒரு சொம்பு மோர், கொஞ்சம் தேன் என்று ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்தார்கள். கெங்கம்மாள் வந்தாள். எதிர்வீட்டுக்காரி, வேடியப்பன் கொண்டுவரும் ஊர்ச்சேதிகளைக் கேட்காமல் தூங்காதவள். வழக்கமாக வந்தால் வாயை மூட மாட்டாள். அன்றைக்கு வேடியப்பனின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மூஞ்சே சரியில்லீங்க மாமா" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, எதுவும் சொல்லாமல் படி இறங்கிப் போனாள். வேடியப்பன் தலையைத் தூக்கிப் பார்த்தார். அதற்கு முன் வந்தவனும் அப்படித்தான் போனான். அதற்கு முந்தினவளும்.

அவருக்குச் சுருக்கென்றது. நோவாளி வீட்டிலிருந்து கிளம்பும்போது "வர்றேன்" என்று சொல்லக் கூடாது என்பது ஈச்சங்காட்டு வழக்கம். சொன்னால் நோவும் "நானும் வர்றேன்" என்று கூடவே கிளம்பிவிடுமாம். கால் ஒடிந்து கிடந்த காலத்துக்குப் பிறகு, அவர் வீட்டில் யாரும் சொல்லாமல் போனதில்லை.

"மாணிக்கம், பாத்தியா? கெங்கம்மா சொல்லாமப் போறா."

"பாத்தேன்" என்றாள் அவள்.  அடுப்பங்கரையில் எதையோ ஓசையாக நகர்த்தினாள்.

ஊர்க்கவுண்டர் ரங்கசாமி வந்தது அதற்கடுத்த நாள். நல்ல மனிதர். ஆனால் சட்டம் என்று வந்துவிட்டால் மீசையைத் தடவிக்கொண்டு கல்லு மாதிரி உட்கார்ந்துவிடுவார்.

"மழை வர்ற மாதிரி கீது வேடியப்பா."

"ஆமாங்க. மேக்கால கருத்துக்கினு கீது."

"விதைக்கு இன்னா பண்றது?"

வேடியப்பன் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கேக்கறப்ப, சொகம்னு சொல்லுவியா நீ?"

போன வாரம் வரைக்கும் இந்தக் கேள்விக்குப் பதில் நாக்கு நுனியில் இருந்தது. இப்போது தேடினார், இல்லை. நாச்சியம்மனுக்கு முன்னால் நின்று பொய் சொல்ல முடியாது. தன்னால் ஒரு ஊரின் சாமை முளைக்காமல் போய்விட்டால்?

"தெரியலீங்க" என்றார்.

கவுண்டர் மீசையைத் தடவினார். வேடியப்பனுக்கு ஒரே மகள், சந்தவாசலில் கட்டிக்கொடுத்திருந்தது. விதைக்கிற உரிமை கை மாறினால் அது மாணிக்கம்மாளின் பிறந்த வீட்டுக்குத்தான் போகும்.

"அப்ப லச்சுமணன் கையால போட்டுடலாம். அவனுக்கு ஒண்ணுமில்லன்னு டாக்டரே சொல்லிட்டாங்களாமே. ஊருக்கே சொல்லிக்கினு திரியறான்."

எழுந்தார். வாசலில் ஒரு கணம் தயங்கி நின்றார். "வர்றேன்" சொல்லவில்லை.

அன்றைக்கு வேடியப்பன் களி சாப்பிடவில்லை. மாணிக்கம்மாள் இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டு, அவர் தட்டை எடுத்து மூடி வைத்தாள்.

சேதி கேட்டு ஓடிவந்தவன் லட்சுமணன்தான். முகம் வெளுத்திருந்தது.

"மாமா, என்னைக் காப்பாத்து. சாமி முன்னாடி நின்னு சொகம்னு எப்படி மாமா நான் சொல்லுவேன்? எனக்கு வவுத்துல உருளறது அந்த ஆத்தாளுக்குத் தெரியாதா?"

"டாக்டரம்மா ஒண்ணுமில்லன்னாங்களே."

"உருளறது அவங்க வவுத்துலியா, என் வவுத்துலியா?"

வேடியப்பனுக்குச் சிரிப்பு வந்தது. முகாமுக்குப் பிறகு வந்த முதல் சிரிப்பு. கூடவே இருமலும் வந்தது.

"சரி, அத்த அன்னிக்குப் பாத்துக்கலாம். விதை தூவவாவது தெரியுமாடா உனக்கு?"

"உன் காட்டுல நீ தூவறத பாத்துக்கீறேன். கையை வீசணும், அவ்ளோதானே?"

"போய் வீசிப் பாரு."

சாமிக்காடு வேடியப்பன் வீட்டுக்கு நேர் மேலே. கூரைக்குக் கீழே படுத்தபடியே சரிவைப் பார்க்கலாம். லட்சுமணன் ஒரு கூடையில் மணலை அள்ளிக்கொண்டு ஏறினான். வீச ஆரம்பித்தான். ஒரு வீச்சில் மணல் கொத்தாக விழுந்தது, அடுத்த வீச்சில் காற்றில் பறந்து அவன் கண்ணிலேயே விழுந்தது.

"டேய்! கையைத் தாழ வை!" என்று கத்தினார் வேடியப்பன், படுக்கையிலிருந்து.

"இன்னா?"

"தாழ! தாழ வைடா! விதையைத் தூவறியா, நாயை வெரட்டறியா?"

"கேக்கல மாமா!"

கம்பளி ஒரு பக்கம் விழுந்தது. வேடியப்பன் கோலை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினார். மாணிக்கம்மாள் அடுப்பங்கரைக் கதவருகில் வந்து நின்றாள். விழுந்த கம்பளியை எடுத்து மடித்து வைத்தாள்.

கடுக்காய் மரத்தடியில் நின்றார். பாறையருகில் நின்றார். மேலே போய் லட்சுமணன் கையிலிருந்த கூடையைப் பிடுங்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டார்.

"என் பின்னால வா. மலை எடப்பக்கம் இருக்கட்டும்."

நடந்தார். காலடிக்கு ஒரு வீச்சு. மணல் அவர் விரலிடுக்கிலிருந்து விசிறி மாதிரி விரிந்து, மண்ணின்மேல் ஒரே சீராகப் படிந்தது. இரண்டு கால்களும் சரிவைத் தொட்டுத் தொட்டு, ஒரே மட்டத்தில் அவரைத் தூக்கிக்கொண்டு போயின. கல்லைச் சுற்றி அரைச் சுற்று முடியும்போது பின்னாலிருந்து ஒரு முனகல் கேட்டது. திரும்பிப் பார்த்தார்.

லட்சுமணன் இடது முழங்காலை மடக்கி, வலது காலை எட்டி வைத்து, ஒவ்வொரு அடிக்கும் சாய்ந்து சாய்ந்து வந்துகொண்டிருந்தான்.

"இன்னாடா ஆச்சு?"

"நடந்துக்கினே வீசணும்னா ஒடம்பு ஒரு பக்கமா இழுக்குது மாமா. நீ எப்படி நேரா போற? இந்தச் சரிவுல நான்தான் நொண்டி!"

வேடியப்பன் நின்றார். நிற்குமிடம் இல்லை அது. மூச்சுக்காகவும் நிற்கவில்லை. குனிந்து தன் கால்களைப் பார்த்தார். கட்டைக் கால் மேட்டிலும் நெட்டைக் கால் பள்ளத்திலும், வைத்தது வைத்தபடி பாந்தமாக நின்றுகொண்டிருந்தன. நெஞ்சுக்குள் சத்தம் கேட்டது. போன ஆடியிலும் கேட்ட சத்தம். அதற்கு முந்தின ஆடியிலும் கேட்ட சத்தம். அதோடுதான் அவர் விதைத்தார், விதைத்ததெல்லாம் முளைத்தது.

"லச்சுமணா" என்றார், "நாலு நாளா நான் எதுக்குடா படுத்துக்கினு இருந்தேன்?"

"உனக்கு மூணு நோவாமே மாமா."

"அது நாலு நாளா மட்டுமா கீது?"

 வேடியப்பன் மிச்ச அரைச் சுற்றையும் முடித்தார். வீட்டுக்கு இறங்கும்போது வழக்கம்போல மலையை இடப்பக்கம் வைத்துச் சுற்றிக்கொண்டு, மொட்டை மேட்டில் நின்று பார்த்துவிட்டு வந்தார்.

"கெங்கம்மா வூட்டு வெள்ளாடு ஓடைக்கு அந்தாண்ட நிக்குது. போய்ச் சொல்லு" என்றார் மாணிக்கம்மாளிடம். "களி கீதா?"

மழை அடுத்த வாரம் வந்தது. ஒரு ராத்திரியும் ஒரு பகலும் பெய்து, மண்ணை மெத்தென்று ஆக்கிவிட்டுப் போனது. ஊர் நாச்சியம்மன் கல்லுக்கு முன்னால் கூடியது. கல்லுக்கு மஞ்சள் பூசி, மாலை போட்டிருந்தது. ஏர் பூட்டிய மாடுகள் சரிவில் காத்து நின்றன. விதைக்கூடை லட்சுமணன் கையில் இருந்தது. 

கவுண்டர் மீசையைத் தடவிக்கொண்டு கேட்டார்: "லச்சுமணா, மேலுக்கு எப்படிப்பா?"

லட்சுமணன் கல்லைப் பார்த்தான். ஊரைப் பார்த்தான். 

"காலைல வவுத்துல உருண்டுதுங்க. அப்பால முதுவுல ஒரு பிடிப்பு. டாக்டரு இல்லன்றாங்க, ஆனா ஆத்தா முன்னாடி பொய் சொல்லக் கூடாதில்லீங்களா? கழுத்துகூட…"

"போதும்டா!" என்று யாரோ கத்தினார்கள். கூட்டம் சிரித்தது. கவுண்டருக்கே மீசை துடித்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அப்ப யாருடா விதைக்கிறது?" என்றார்.

கூட்டத்தின் பின்னால் நின்றிருந்த வேடியப்பன் முன்னால் வந்தார். கூட்டம் மிதித்து மட்டமாகிக் கிடந்த துண்டுத் தரையைக் கடக்கும்போது ஆடி ஆடி வந்தார். கல்லருகே சரிவில் ஏறியதும் நிமிர்ந்தார்.

"என்னைக் கேளுங்க கவுண்டரே."

 கவுண்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "யோசிச்சுச் சொல்லு வேடியப்பா. ஊர் வெள்ளாமை. மேலுக்கு எப்படி?"

"காலு கட்டை. அது ஆத்தாளுக்கே தெரியும், அவ மரத்துலேருந்துதான் விழுந்தேன். மூச்சு இழுக்கும். நின்னு நின்னுதான் ஏறுவேன். ரத்தம் கொதிக்குதாம். எனக்குத் தெரியல, அந்த டாக்டரம்மாவுக்குத் தெரியுது, நல்லவங்க. காலைல ஒரு மாத்திரை முழுங்கிட்டுத்தான் வந்துக்கீறேன். சாயங்காலம் இன்னொண்ணு முழுங்குவேன். பீடியை விட்டுட்டேன். எதையும் மறைக்கல."

மூச்சு வாங்கினார். ஊர் காத்திருந்தது.

"நீங்க காலைக் கேக்கல. நெஞ்சைக் கேக்கல. என்னைத்தானே கேட்டீங்க? நான் சொகமா கீறேன்."

கவுண்டர் வெகுநேரம் மீசையைத் தடவினார். சட்டத்தில் அவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான், வர வேண்டிய பதிலும் ஒன்றுதான். கேட்டாகிவிட்டது. வந்தும் விட்டது. பொய்யா மெய்யா என்று முளைக்கிறபோது சாமை சொல்லட்டும்.

"குட்றா கூடையை" என்றார்.

லட்சுமணன் கொடுத்தபோது அவன் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்தால் பத்து நோவு ஒரேயடியாகத் தீர்ந்த மாதிரி இருந்தது. வேடியப்பன் கூடையை இடுப்பில் இடுக்கினார். மலையை இடப்பக்கம் வைத்துக்கொண்டார். முதல் கை விதை காற்றில் விரிந்து இறங்கியது. பின்னால் ஏர்கள் நகர்ந்தன, பின்னால் கவுண்டர் நகர்ந்தார், பின்னால் ஊர் நகர்ந்தது. பாதிச் சுற்றில் அவர் நின்றார். எல்லோரும் நின்றார்கள். இடுப்பில் கை வைத்துக் கீழே பார்த்துவிட்டு, "கெங்கம்மா, உன் ஆடு மறுபடியும் ஓடைக்கு அந்தாண்ட கீது" என்றார்.

"போவட்டுங்க மாமா, நீங்க போடுங்க!" என்றாள் கெங்கம்மாள்.

பத்து நாளில் சாமிக்காடு பச்சையாக மயிர் விட்டது. ஒரு இடத்தில்கூடக் கொத்தாகவோ வழுக்கையாகவோ இல்லை. அதைப் பார்த்துவிட்டு இறங்கியவர்கள் நேராக வேடியப்பன் வீட்டுக்கு வந்தார்கள். மாணிக்கம்மாள் களியும் மொச்சைக் குழம்பும் போட்டாள். அவர் தட்டுக்கு மட்டும் உப்பில்லாத குழம்பைத் தனியாக ஊற்றினாள். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்றார். லட்சுமணன், மணல் வீசிப் பழகியதில் தோள்பட்டை பிடித்துக்கொண்டதாக ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

சாப்பிட்டு முடித்து முதலில் எழுந்தவர் கவுண்டர். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்:

"வர்றேன்பா வேடியப்பா!"

"வர்றேங்க மாமா!" என்றாள் கெங்கம்மாள்.

"வர்றேன்… வர்றேங்க… நாளைக்கி வர்றேன்" என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே படி இறங்கினார்கள். லட்சுமணன் இரண்டு தரம் சொன்னான்.

மாணிக்கம்மாள் காலிச் சட்டியைத் தூக்கிக் காட்டினாள்.

"எல்லாரும் மெய்யாலுமே வந்துட்டீங்கன்னா களி யாரு கிண்டறது?"

வேடியப்பன் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. சுவரைப் பிடித்துக்கொண்டு இருமி முடித்துவிட்டு, கோலை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினார்.

"இன்னேரத்துல எங்க?" என்றாள் அவள்.

"கெங்கம்மா ஆடு அந்தாண்டையே நிக்குதான்னு பாத்துட்டு வர்றேன்" என்றார் அவர், மலையை இடப்பக்கம் வைத்து நடந்தபடி.